எங்கே தேடியது?



கணினியில் நிரல் எழுதப் பழகுவோர், தாம் எழுதிய நிரலிலுள்ள பிழைக்குப் பெரும்பாலும் அஞ்சுவதில்லை. தாமே எழுதியதைத் தாமே திருத்திக்கொள்ளலாம் என்னும் துணிவு அவர்க்கு உண்டு. எழுதியதில் ஒரு வரியேனும் இயங்குமுன்னரே, “நீ அழைத்த கருவி இங்கு இல்லை” என்று கணினி கைவிரிக்கும்போதுதான் அவர்கள் உள்ளம் தளர்கின்றது. அந்தத் தளர்ச்சி ஏன் வேண்டாதது என்பதை, வெப் அசெம்பிளி என்னும் புதுத்துறையினின்றும் எடுத்துக்காட்டுகள் தந்து விளக்க விரும்புகின்றேன்.

வெப் அசெம்பிளி என்பது இணைய உலாவிகள் விரைந்து இயக்கத்தக்க ஒருவகைக் குறிமுறை. 2015-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற இது, 2017-ஆம் ஆண்டு முடிவதற்குள் குரோம், பயர்பாக்ஸ், சபாரி, எட்ஜ் ஆகிய நான்கு உலாவிகளிலும் இடம்பெற்றது. இதனைக் கையால் எழுதுவோர் அரியர். சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் முதலிய மொழிகளில் எழுதி, கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியால் பெயர்த்துக்கொள்வதே வழக்கம். நம் கணினியிலேயே ஓடும் நிரலைத் தருகின்ற கம்பைலர் முன்னரே அதில் இருக்கக்கூடும்; வெப் அசெம்பிளியைத் தருவதற்கோ அதற்கென அமைந்த கம்பைலர் வேண்டும். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பெயர்ப்பாளர்கள் குடியிருக்கின்றனர். நாம் அழைக்கும்போது எவர் வருவார் என்பதே வினா.

அவ்வினாவிற்கு விடை ‘பாத்’ என்னும் சூழல் மாறியில் உள்ளது. பாத் என்றால் பாதை. பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூலக ஏவலரிடம் ஐந்து அலமாரிகளின் பெயரை வரிசையாக எழுதிக் கொடுத்து, “இவற்றில் மட்டும் தேடு, முதலில் கிடைப்பதைக் கொண்டு வா” என்று பணித்திருக்கின்றோம். நன்னூல் ஆறாவது அலமாரியில் இருந்தால், அவர் “இல்லை” என்றே கூறுவார். முதல் அலமாரியில் கிழிந்த பழம்பதிப்பும் மூன்றாவதில் புதுப்பதிப்பும் இருந்தால், பழையதையே கொணர்வார். அவர் மீது குற்றமில்லை. பாத் என்பதும் அத்தகைய பட்டியலே. அதில் எழுதப்பட்ட கோப்புறைகளை வரிசை பிறழாமல் கணினி தேடுகின்றது. அவற்றிற்கு வெளியே எட்டியும் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு கல்லூரி மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். கல்லூரிக் கண்காட்சிக்கு மூன்று நாளே இருந்தது. சி மொழியில் எழுதிய விளையாட்டொன்றை எம்ஸ்கிரிப்டன் என்னும் கருவித்தொகுதியால் வெப் அசெம்பிளியாக்க முயன்றிருந்தாள். “எம்சிசி: கமாண்ட் நாட் பவுண்ட்” என்ற ஒரே விடைதான் திரும்பத் திரும்ப வந்தது. மும்முறை அழித்து நிறுவியும் பயனில்லை. “ஐயா, எனக்குக் கணினி வராது போலும், பாடத்தையே மாற்றிக்கொள்ளலாமா என்று எண்ணுகின்றேன்” என்றாள். “இல்லை என்று சொல்கிறதே, அது எங்கே தேடியது என்று பார்த்தாயா, அம்மா?” என்று மட்டும் கேட்டேன். பாத் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். எம்ஸ்கிரிப்டன் கோப்புறை அதில் இல்லை. கருவி கணினியில் இருந்தது, பட்டியலில்தான் இல்லை.

காரணம் எளிது. எம்ஸ்கிரிப்டனை நிறுவுதல், செயற்படுத்துதல், சூழலை அமைத்தல் என மூன்று படிகள் உள. லினக்ஸ், மேக் கணினிகளில், மூன்றாம் படிக்குரிய எழுத்தாவணத்தை ‘சோர்ஸ்’ என்னும் கட்டளையுடன் அழைத்தல் வேண்டும். வெறுமனே இயக்கினால் அது தனியொரு சூழலில் ஓடி முடிந்துவிடும். நம் முனையத்தின் பட்டியல் மாறாது. முறையாக அழைத்தாலும் அந்த ஒரு முனையச் சாளரத்திற்கே அது பொருந்தும். வேறு சாளரத்தைத் திறந்தால் மீண்டும் அழைத்தல் வேண்டும், அல்லது முனையத்தின் தொடக்கக் கோப்பிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

இனி இரண்டாம் வகை: கம்பைலர் கிடைக்கும், ஆனால் வேறொன்று கிடைக்கும். மேக் கணினியில் ஆப்பிள் நிறுவனம் தரும் கிளாங் கம்பைலர் வெப் அசெம்பிளிக்குப் பெயர்க்கும் பகுதியின்றி வந்துள்ளது. அதனிடம் பணியை ஒப்படைத்தால், அத்தகைய இலக்கு தன்னிடம் இல்லை என்று சொல்லும். ‘விச்’ என்ற கட்டளையும், விண்டோசில் ‘வேர்’ என்ற கட்டளையும், வந்து நிற்பவர் எந்தக் கோப்புறையினர் என்பதைக் காட்டிக்கொடுக்கும். உரிய கிளாங்கே வந்தாலும், “எஸ்டிடிஐஓ கோப்பைக் காணோம்” என்று அது முறையிடுவதுண்டு. கம்பைலர் வேறு, சி மொழியின் நூலகம் வேறு. அந்நூலகம் இருக்கும் இடத்தையும் அதற்குச் சொல்லுதல் வேண்டும். எம்ஸ்கிரிப்டன் தனக்குரியதைத் தானே உடன்கொண்டு வருகின்றது.

மூன்றாம் வகை மிகவும் ஏமாற்றுவது. சிமேக் என்னும் கட்டுமானக் கருவி, முதல்முறை கண்டறிந்த கம்பைலரின் இருப்பிடத்தைத் தன் நினைவுக் கோப்பில் குறித்துக்கொள்கின்றது. பின்னர் நாம் பாத் பட்டியலைத் திருத்தினாலும், அது பழைய முகவரிக்கே செல்லும். புதியதொரு கட்டுமானக் கோப்புறையை ஏற்படுத்தி, ‘எம்சிமேக்’ என்ற கட்டளையை முன்னிட்டுச் சிமேக்கை அழைப்பதே தக்க வழி.

எல்லாம் பாதைப் பிழையென்றும் கொள்ளலாகாது. ரஸ்ட் மொழியில் அதன் அடிப்படை நூலகமான ‘எஸ்டிடி’ இல்லையென்று செய்தி வருமாயின், வெப் அசெம்பிளி இலக்கிற்குரிய பகுதி நிறுவப்படாதிருத்தல் கூடும். அங்கே தேடுமிடத்தை மாற்றிப் பயனில்லை; இல்லாததை ‘ரஸ்டப்’ வாயிலாக வருவித்தல் வேண்டும்.

ஆதலின், பிழைச் செய்தி வந்தவுடன் மூன்று வினாக்களை வரிசையாகக் கேளுங்கள். தேடுவது எது: முனையமா, சிமேக்கா, கம்பைலரா? தேடப்படுவது எது: கம்பைலரா, நூலகக் கோப்பா? தேடிய இடம் எது? செய்திகள் பலவாயின் முதற்செய்தியைப் படியுங்கள். பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவுவது, நூல் கிடைக்கவில்லை என்று நூலகத்தையே இடித்துக் கட்டுவதை ஒக்கும். பட்டியல் பழையதாகவே இருந்தால் புதுக்கட்டடத்திலும் அந்நூல் கிடைக்காது.

“காணவில்லை” என்பது கணினி உங்கள் அறிவிற்கு இடும் மதிப்பெண் அன்று. தான் தேடிய இடங்களில் அது இல்லை என்னும் அறிவிப்பே அது. அதைக் கேட்டுத் துவளாமல், “எங்கே தேடினாய்?” என்று திருப்பிக் கேட்கும் மாணவர்க்கு, அக்கணமே பாதி விடை கிடைத்துவிடுகின்றது.