நாள் குறிப்பவர் யார்?

(திருவொற்றியூரில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு வாயிலுக்கு வந்து சேரும் தொழிலாளி, "வழியிலே மழை, வீட்டிலே நோய், கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது" என்று காரணம் அடுக்கினால், காவற்காரர் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் சொல்லுவாரா? மாட்டார். அரை நாள் கூலி போகும். காசிமேட்டு விசைப்படகுக்காரர், "அடுப்பு எரியவில்லை ஐயா, தடைக் காலத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள்" என்று கேட்டால் கேட்பார் உண்டா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், படகு கரையிலேதான். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கி 1856 ஜூலை முதல் நாள் தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டதே, அன்று தொட்டு மணியைப் பார்த்து வாழப் பழகிய வட்டாரம் இது. இங்கே எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு, நாள் உண்டு, கெடு உண்டு. ஒன்றே ஒன்றுக்குத்தான் இல்லை. ஆளவந்தாரை அழைத்து நிறுத்திக் கணக்குக் கேட்கும் நாள் இருக்கிறதே, அதற்கு!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது யார் வென்றார், யார் வீழ்ந்தார் என்பதை அன்று. தேர்தலுக்கு நாள் குறிப்பவர் யார்? குறித்த நாளை அழிப்பவர் யார்? அழித்ததனால் அடிபட்டவர் யார்? இந்த மூன்று கேள்விகளையும் வடசென்னையிலே நின்று கேட்பதுதான் பொருத்தம். ஏனெனில் இந்தப் பகுதி பட்ட பாடு வேறு பகுதி பட்டிருக்குமா என்பது ஐயமே.

டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று உழைப்பவர் நெருக்கியடித்து வாழும் தொகுதி. 2015 மே 11 அன்று கருநாடக உயர்நீதிமன்றம் செல்வி ஜெயலலிதா அவர்களைச் சொத்துக் குவிப்பு வழக்கிலிருந்து விடுவித்தது. மே 17 அன்று இத்தொகுதியின் உறுப்பினர் வெற்றிவேல் பதவி விலகினார். மே 23 அன்று அம்மையார் முதலமைச்சரானார். ஜூன் 27 அன்று இடைத்தேர்தல்! இடம் காலியானதற்கும் வாக்குப் பதிவுக்கும் இடையே எத்தனை நாள்? விரல் விட்டு எண்ணுங்கள்: 41 நாள். எதிர்க்கட்சிகளுள் பெரும்பாலானவை ஒதுங்கி நின்றன. ஆயினும் தேர்தல் நின்றதா? நிற்கவில்லை.

அதே தொகுதி, தோழர்களே, அதே தெருக்கள், அதே வாக்குச் சாவடிகள். 2016 டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் மறைந்தார். தொகுதி மீண்டும் காலி. இம்முறை மக்கள் வாக்களித்தது எப்போது? 2017 டிசம்பர் 21 அன்று. 381 நாள்!

முதலமைச்சர் நாற்காலிக்கு ஒரு தொகுதி தேவைப்பட்டபோது 41 நாள். தொகுதிக்கு ஓர் உறுப்பினர் தேவைப்பட்டபோது 381 நாள். 41 நாளில் நடத்தியது குற்றம் என்று நான் கூறவில்லை. நடத்த முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு வேண்டா என்றுதான் கூறுகிறேன்.

அந்த 381 நாள்களுக்குள்ளே என்ன நடந்தது என்பதை இக்கரையில் வாழ்வோருக்கு நான் நினைவூட்ட வேண்டுமா? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரிய எண்ணெய்ப் படலம் கரையெல்லாம் படிந்தது. வாளி கொண்டு அள்ளினார்களே நம் இளைஞர்கள், கையுறைகூடச் சரியாக இல்லாமல்! மீன் வாங்க ஆள் இல்லை, வலை வீணாயிற்று. இழப்பீடு கேட்டு எங்கே போவது? ஆர்.கே. நகருக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. மாநகராட்சிக்கு மன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். கரை இருந்தது, கறை இருந்தது, கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

வாக்குப் பதிவு முதலில் 2017 ஏப்ரல் 12 என்று குறிக்கப்பட்டது. பணம் ஆறாக ஓடிற்று என்று ஊரே பேசிற்று. ஏப்ரல் 7 அன்று அமைச்சர் விஜயபாஸ்கர் இல்லத்தில் வருமான வரித்துறை சோதனையிட்டது. ரூ.89 கோடி வழங்கப்பட்டதற்கான கணக்குத் தாள்கள் சிக்கின என்று செய்தி வந்தது. அமைச்சர் மறுத்தார். ஏப்ரல் 9 இரவு, வாக்குப் பதிவுக்கு மூன்று நாள் இருக்கையில், தேர்தல் ஆணையம் தேர்தலை நீக்கியது.

நீக்கத்தான் வேண்டும் என்று அன்று கைதட்டியவர் பலர். பணத்தைக் கொட்டி வாக்கைப் பறிப்பதை எவர்தாம் ஏற்பர்? ஆனால் நீக்கப்பட்டது எது என்று பாருங்கள். டிசம்பரில் மறுபடியும் தேர்தல் வந்தபோது களத்தில் நின்றவர் யார்? மதுசூதனன் நின்றார், தினகரன் நின்றார், மருதுகணேஷ் நின்றார். ஏப்ரலில் நின்ற அதே மூவர்! வேட்பாளருக்குத் தடையில்லை, கட்சிக்குத் தண்டனையில்லை. எட்டு மாதம் உறுப்பினர் இல்லாமல் கிடந்த தண்டனை வாக்காளருக்கு. திருடன் நுழைந்தான் என்பதற்காக வீட்டுக்காரனை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டியது போலன்றோ இது!

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். ஏப்ரலில் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 31க்குள் தேர்தலை நடத்துக என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. நவம்பர் 23 அன்று சின்னம் ஆளும் அணிக்கு வழங்கப்பட்டது. மறுநாளே, நவம்பர் 24 அன்று, தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஐயம் எழாதபடி நடப்பதும் ஆணையத்தின் கடமைதானே? முடிவு என்னவாயிற்று? குக்கர்ச் சின்னத்தில் நின்ற தினகரன் 89,013 வாக்குப் பெற்றார். இலையோடு நின்ற மதுசூதனன் 48,306. நாள் பார்த்து நட்சத்திரம் பார்த்துத் தேர்தலுக்குப் புறப்படுவோர் இந்தக் கணக்கைச் சட்டைப் பையிலே வைத்துக்கொள்வது நல்லது.

ஆர்.கே. நகரை விட்டு விலகிய வெற்றிவேல் பிறகு பெரம்பூரில் வென்றவர். 2017 செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்ட பதினெட்டு உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டேயிருந்தது. பெரம்பூர் வாக்களித்தது 2019 ஏப்ரல் 18 அன்று. பத்தொன்பது மாதம்! இதற்கிடையே 2018 அக்டோபரில், திருவாரூர், திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல்களைத் தள்ளி வைக்க மாநிலத் துரைத்தனம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? மழை! வடகிழக்குப் பருவ மழை. முந்தைய ஆண்டு டிசம்பரில் ஆர்.கே. நகர் மக்கள் வாக்களித்தபோது வானம் விடுமுறையில் இருந்தது போலும்.

இப்போது நம் ஒற்றியூருக்கே வருவோம். 2020 பிப்ரவரி 27 அன்று சட்டமன்ற உறுப்பினர் கே.பி.பி. சாமி மறைந்தார். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது 1951 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு. எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தாலோ, நடத்துவது கடினம் என்று ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலோ விலக்கு உண்டு. இடம் காலியானபோது சட்டமன்றத்துக்கு இன்னும் பதினைந்து மாத ஆயுள் இருந்தது. கொள்ளை நோய் வந்தது, உண்மை. இராயபுர மண்டலம் அந்நாளில் பட்ட துயரை எவரும் மறக்கவில்லை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் தேர்தல் நடத்தச் சொல்லி எவரும் கேட்கவில்லை. ஆனால் அதே 2020 இல், அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் பீகார் முழுவதும் வாக்களித்தது. மத்தியப் பிரதேசத்தில் 28 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. ஆட்சி நிலைப்பதும் கவிழ்வதும் அந்த 28 இல் அடங்கியிருந்தது. தமிழ்நாடு, கேரளம், அசாம், மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும், அவ்வரசுகளின் அதிகாரிகள் தெரிவித்த இடர்ப்பாடுகளைக் காட்டி, இடைத்தேர்தல் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆட்சியைத் தாங்கும் தொகுதிக்கு நோய் தடையில்லை, ஒற்றியூருக்குத் தடை! 2021 ஏப்ரல் 6 பொதுத் தேர்தல் வரையில் தொகுதி வெறுமையாகவே கிடந்தது.

சட்டமன்ற உறுப்பினர் இல்லாவிட்டால் மாநகராட்சி உறுப்பினரிடம் போகலாமே என்பீர்கள். அங்கேதான் கதை இன்னும் கசப்பானது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் தனித்தனி நகராட்சிகளாக இருந்தவை. 2011 இல் அவற்றை மாநகராட்சியோடு இணைத்தார்கள். ஒன்று முதல் பதினான்கு வரையிலான வட்டங்கள் நமக்கு. 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபர் 24 அன்று முடிந்தது. முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு கூறுகிறது. கூறி என்ன பயன்? செப்டம்பர் 25 மாலை அறிவிப்பு. மறுநாள் காலை மனுத் தாக்கல் தொடக்கம்! எந்த வட்டம் எவருக்கு ஒதுக்கப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் அறிந்து, ஆளைத் தேர்ந்தெடுக்கவே அவகாசம் இல்லை. தி.மு.க. தொடுத்த வழக்கில், அறிவிக்கை விதிப்படி இல்லை என்று அக்டோபர் 4 அன்று உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. வழக்குத் தொடுத்ததில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததில் நியாயம் எங்கே? தனி அலுவலர் காலம் நீட்டப்பட்டது, மறுபடி நீட்டப்பட்டது, மறுபடியும் நீட்டப்பட்டது. சென்னை வாக்களித்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்தாண்டும் நான்கு மாதமும், ஒரு மன்றத்தின் முழு ஆயுளுக்கும் மேலாக, மன்றமே இல்லை!

புதுப் பழக்கம் அன்று இது. 1973 இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1996 இல்தான் நடந்தது. 1688 இல் தோன்றிய மாநகராட்சி என்று பெருமை பேசுகிறோம். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை வாக்குரிமை பெற்று, மணம் முடித்து, தானும் ஒரு குழந்தை பெற்ற பிறகே மேயரைக் கண்டது.

அமெரிக்காவிலும் நாள் பற்றிச் சண்டை உண்டு. ஆனால் வேறு வகைச் சண்டை. குடியரசுத் தலைவர் பதவிக்குத் தம் கட்சி வேட்பாளர் யார் என்று அங்கே மாநிலந்தோறும் மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். முதலில் வாக்களிக்கும் மாநிலத்துக்கு மதிப்பு அதிகம் என்பதால் ஒவ்வொன்றும் முந்தப் பார்க்கிறது. 2008 இல் மிச்சிகன் ஜனவரி 15 அன்றும், புளோரிடா ஜனவரி 29 அன்றும், ஜனநாயகக் கட்சி விதித்த நாளை மீறித் தேர்தல் வைத்தன. உங்கள் பேராளர்களுக்கு மாநாட்டில் வாக்கே கிடையாது என்றது கட்சித் தலைமை. புளோரிடாவில் நாளைக் குறித்தது எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த சட்டமன்றம்; வாக்களித்தவர்களோ பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜனநாயகக் கட்சியினர்! மே 31 அன்று அரை வாக்குக் கொடுத்தார்கள். வேட்பாளர் யார் என்பது உறுதியான பிறகு, மாநாட்டில், முழு வாக்கையும் திருப்பித் தந்தார்கள். பந்தி முடிந்த பின் இலை போட்ட கதை. 2024 இலும் நியூ ஆம்ப்சயர் மாநிலம் முந்திக்கொண்டு ஜனவரி 23 அன்று வாக்களித்தது. பதவியில் இருந்த தலைவர் பைடனின் பெயரே வாக்குச் சீட்டில் இல்லை. மக்கள் தம் கைப்பட எழுதி அவரை வெல்ல வைத்தார்கள்.

அங்கே முந்துவதற்குச் சண்டை; இங்கே தள்ளுவதற்குச் சண்டை. ஆனால் இரண்டிலும் அடி விழும் முதுகு ஒன்றே. நாளைக் குறித்துக் கட்சிகள் மோதிக்கொள்கின்றன. வாக்கை இழப்பவன் மோதலில் கலந்துகொள்ளாதவன்.

ஆகையால், தோழர்களே, நாம் கேட்க வேண்டியது நமக்கு வசதியான நாளை அன்று. காற்று நம் பக்கம் வீசும்போது "உடனே நடத்து" என்பதும், எதிர்ப்பக்கம் வீசும்போது "பட்டியல் சரியில்லை, பொறு" என்பதும் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிற வியாதி. நம் வட்டக் கூட்டங்களிலே அதைக் கேட்டதில்லை என்று மார்தட்டிச் சொல்வாரும் இருக்கலாம்; நான் வாதிட விரும்பவில்லை. தேர்தலைத் தள்ளுவதானால் காரணத்தை எழுத்தில், எண்ணோடும் சான்றோடும் வெளியிட வேண்டும். எத்தனை நாள் என்ற கெடுவும் அதில் இருக்க வேண்டும். பணம் கொடுத்தவர் பிடிபட்டால் அவரை விலக்கித் தேர்தலை நடத்த வழி காண வேண்டும், வாக்காளரை விலக்கலாகாது.

2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் கொண்டுவரப்பட்ட 129 ஆவது அரசியல் சட்டத் திருத்த முன்வடிவைப் படித்துப் பாருங்கள். நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் தேர்தல் என்பது அதன் நோக்கம். அதற்குள்ளேயே ஒரு வாசல்: ஏதேனும் ஒரு சட்டமன்றத்துக்கு அப்போது தேர்தல் நடத்த இயலாது என்று ஆணையம் கருதினால், பிறகு நடத்தலாம் என்று குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கலாம். பிறகு என்றால் எப்போது? ஆர்.கே. நகரையும் ஒற்றியூரையும் கண்ட நமக்கு அந்தச் சொல் எவ்வளவு நீளும் என்பது தெரியும்.

டில்லியை மட்டும் சுட்டிவிட்டு அமைதி அடைவதற்கில்லை. எண்ணூருக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சிகள் 2019 டிசம்பரில் வாக்களித்தவை. அவற்றின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. முடிவதற்குள் தேர்தல் வந்ததா? இல்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். எல்லை வரையறை முடியவில்லை, சில ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்க வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. துரைத்தனம் மாறியிருந்தது, அலுவலர் நாற்காலி மாறவில்லை.

2022 மார்ச்சுத் தொடக்கத்தில் பதவியேற்ற நம் மாநகராட்சி மன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு நிறைவு. 2016 இல் எங்கே இடறினோம்? வட்ட ஒதுக்கீட்டுப் பட்டியலில். எனவே ஒன்றாவது வட்டத்திலிருந்து பதினான்காவது வட்டம் வரை உள்ள தோழர்கள், கெடுவுக்கு ஆறு மாதம் முன்னரே ஒதுக்கீட்டுப் பட்டியலையும் வாக்காளர் பட்டியலையும் வெளியிடக் கோரி மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தின் படி ஒன்றையும், ஆணையம் தரும் பற்றுச் சீட்டையும் கிளை அலுவலகத்தில் கோப்பில் வையுங்கள். உயர்நீதிமன்றப் படியேற நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தச் சீட்டுத்தான்.