கையெழுத்தும் தலையெழுத்தும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)

 

1977ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள். அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் தலைநகரான பிராக் நகரத் தெருவொன்றில் ஒரு காரைக் காவல்துறை வண்டிகள் துரத்தி மறித்தன. காருக்குள் இருந்தவர் மூவர்: நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹாவெல், நாவலாசிரியர் லுத்விக் வாட்சுலிக், நடிகர் பாவெல் லாண்டோவ்ஸ்கி. அவர்களிடம் படைக்கலம் எதுவும் இல்லை. அஞ்சலில் சேர்க்க வேண்டிய உறைகளும், தட்டச்சுச் செய்த சில தாள்களுமே இருந்தன. நாட்டின் நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் செய்தி நிறுவனத்துக்கும் அனுப்புவதற்கென எழுதப்பெற்ற ‘சாசனம் 77’ என்னும் அறிக்கை அது. குடிமக்கள் அரசுக்கு எழுதிய மடல் பறிமுதல் பொருளாக அரசின் கைக்கே போய்ச் சேர்ந்தது. (அஞ்சல் செலவு மிச்சம் என்று நகைத்தவரும் இருந்திருக்கக் கூடும்.)

அறிக்கையில் கலகக் குரல் இல்லை. 1975இல் ஹெல்சிங்கி உடன்பாட்டில் அவ்வரசு ஒப்பமிட்டிருந்தது. குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையை 1976 அக்டோபரில் தன் சட்டத் தொகுப்பிலேயே அச்சிட்டும் இருந்தது. தான் அச்சிட்டதைத் தானே படித்துப் பார்க்குமாறு அரசைக் கேட்டுக்கொண்டதே சாசனத்தார் செய்த குற்றம். தாங்கள் எதிர்க்கட்சி அல்லர் என்றும் அவர்கள் அதிலேயே எழுதியிருந்தனர்.

இம்முயற்சிக்கு வித்திட்டது ஒரு வழக்கு. ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்னும் இசைக் குழுவைச் சார்ந்தோரும் அவர்தம் நண்பர்களும் 1976இல் கைதாயினர். கவிஞர் இவான் யிரோஸ் முதலிய நால்வர்க்குச் செப்டம்பரில் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நீள்முடி இளைஞர்கள்; முரட்டு இசை; கொச்சை மொழி. மெய்யியல் பேராசிரியர்களுக்கும் முதுபெரும் எழுத்தாளர்களுக்கும் அந்த இசை உவப்பானதாக இருந்திருக்கத் தேவையில்லை. ஆயினும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடி அவனை உய்யக்கொண்ட செய்தியைப் புறநானூற்றில் படித்த அவை இது. எனவே இதற்கு நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை. வேறுபாடு ஒன்றே: நெடுங்கிள்ளி செவிகொடுத்தான்.

இனி, கவிஞர்கள் கூடிய இவ்வவை கருதத் தக்கது அந்த அறிக்கையின் அடியில் இருந்த பெயர்களை. முதலில் ஒப்பமிட்டோர் 240க்கும் மேற்பட்டவர். பெயரற்ற துண்டறிக்கையை எந்த அரசும் குப்பையில் எறிந்துவிடலாம். பெயர் எழுதி, ‘இது எம் சொல்’ என்று நிற்பாரை அவ்வாறு எறிய இயலாது. ஆகவே தண்டனை முழுவதும் கையெழுத்தின் மேல் விழுந்தது. கையெழுத்தே தலையெழுத்தாயிற்று எனலாம். பலர் வேலை இழந்தனர். கற்றோர் கொதிகலனுக்குக் கரி தள்ளினர், சன்னல் துடைத்தனர். தொலைபேசி துண்டிக்கப்பட்டது, ஓட்டுநர் உரிமம் பறிபோயிற்று, பிள்ளைகளுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டது. தந்தை இட்ட ஒப்பத்துக்கு மகள் விலை கொடுத்தாள். இவற்றுள் எதற்கும் நீதிமன்றம் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது. ஒப்பமிட்டோரை நச்சரித்து நாட்டை விட்டே வெளியேறச் செய்வதற்கெனக் காவல்துறை நடத்திய மறைமுகத் திட்டத்துக்கு ‘அசனாத்ஸே’ என்று பெயர். துப்புரவு என்பது பொருள். மனிதரைக் கழிவாகக் கருதுவோர்க்கே இத்தகைய பெயர் தோன்றும்.

சாசனத்தின் முதல் மூன்று பேச்சாளருள் ஒருவர் மெய்யியல் அறிஞர் யான் பட்டோச்கா, ஹுஸர்லின் மாணவர். அகவை எழுபதை நெருங்கிய அவரைக் காவல்துறை மீண்டும் மீண்டும் அழைத்து மணிக்கணக்கில் வினவியது. உடல் தளர்ந்து மருத்துவமனையில் கிடந்த அவர் மார்ச் 13ஆம் நாள் மூளையில் குருதி கசிந்து மறைந்தார். பிரெவ்னோவ் இடுகாட்டில் அடக்கம் நடந்தபோது மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டது. அருகே மோட்டார் சைக்கிள்கள் உறுமின. இறுதி மொழிகள் எவர் செவியிலும் விழாமற் போயின. வந்தோரை ஒருவர் விடாமல் படம் பிடித்தனர்.

இது ஒருபுறம். மறுபுறம் நடந்தது இதனினும் கசப்பானது. சாசனம் வெளியான அதே சனவரியின் 28ஆம் நாள், பிராக் தேசிய நாடக அரங்குக்குக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அழைக்கப்பட்டனர். மக்கள் தம் சிறுகாசைத் திரட்டிக் கட்டிய அரங்கம் அது. அதில் ‘சோசலிசம், அமைதி ஆகியவற்றின் பெயரால் புதிய படைப்புகளுக்காக’ என்ற தலைப்பில் ஓர் அறிக்கை படிக்கப்பட்டது. சாசனத்தின் பெயரையே சுட்டாமல் சாசனத்தாரைத் தூற்றிய அறிக்கை. பின்னர் ஒப்பங்கள் திரட்டப்பட்டன. கட்சி நாளேடான ‘ரூதே பிராவோ’வில் பெயர்கள் நாள்தோறும் பட்டியலாக வெளிவந்தன. ஆயிரக்கணக்கான பெயர்கள். மக்கள் இதனை ‘எதிர்ச்சாசனம்’ என்றனர்.

ஒப்பமிட்டோருள் மிகப் பலர் சாசனத்தைப் படித்தவர் அல்லர். படித்திருக்கவும் இயலாது, உள்நாட்டு ஏடு எதிலும் அது அச்சாகவில்லை. படிக்காத நூலுக்கு மறுப்புரை எழுதும் பழக்கம் இலக்கிய உலகுக்குப் புதிதன்று என்றாலும், ஒரு நாட்டின் கலைஞர் கூட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் அதைச் செய்தது அரிது. அவர்களைத் தூற்றுவது எளிது, முறையாகாது. மேடை வேண்டும், வேடம் வேண்டும், நூல் அச்சேற வேண்டும் என்றிருந்தவர்கள் அவர்கள். வருகைப் பதிவேடு என எண்ணியே ஒப்பமிட்டதாகப் பின்னாளில் சிலர் கூறினர்.

யாரோஸ்லாவ் சைஃபர்ட் அவ்வழி செல்லவில்லை. 1901இல் பிறந்த அம்முதிய கவிஞர் சாசனத்தில் முதலிலேயே ஒப்பமிட்டவர். 1984இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் போன்றோரின் எழுத்து உலவியது தட்டச்சுப் படிகளில். கார்பன் தாள் இடையிட்டு ஒரே தட்டில் பத்துப் பன்னிரண்டு படிகள். வாட்சுலிக் நடத்திய வரிசைக்குப் பெயரே ‘பெட்லிட்சே’, அதாவது தாழ்ப்பாள். கையெழுத்துப் படியை மேலும் படியெடுத்தல் கூடாது என்ற தடை முதற்பக்கத்திலேயே இருக்கும். அது சட்டத்துக்குச் சொன்ன சமாதானம். படிப்போரும் அதை அவ்வாறே கொண்டு மேலும் படியெடுத்தனர்.

அநீதியாக வழக்குத் தொடரப்பட்டோரைக் காக்க 1978இல் சாசனத்தார் ஒரு குழு அமைத்தனர். மறு ஆண்டு அக்குழுவினர் அறுவர் மேலேயே வழக்கு வந்தது. பேட்ர் உஹ்லுக்கு ஐந்து ஆண்டு, ஹாவெலுக்கு நான்கரை ஆண்டு, இதழாளர் யிரி தீன்ஸ்ட்பியருக்கு மூன்று ஆண்டு. விடுதலைக்குப் பின் தீன்ஸ்ட்பியருக்குக் கிடைத்தது கொதிகலன் வேலை. 1989 திசம்பரில் அவரை வெளியுறவு அமைச்சராக அழைத்தபோதும் அவர் அந்தக் கொதிகலன் அறையில்தான் பணியாற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் சாசனத்தில் ஒப்பமிட்டோர் ஏறத்தாழ 1,900 பேர் ஆகியிருந்தனர்.