ஒரு லட்சம் விளக்குகளும் இலக்கமில்லாத கதவுகளும்



எதிர்காலத் தொழில்நுட்பத்தைப் பற்றி முந்தைய தலைமுறைகள் சொன்னவற்றில் எது பலித்தது, எது பொய்த்தது என்று ஆராயக் கூடியிருக்கிறோம். இந்த ஆராய்ச்சி மற்ற நாடுகளிலும் நடக்கிறது. பறக்கும் கார் ஏன் வரவில்லை, சந்திரனில் ஏன் இன்னும் குடியேறவில்லை என்று அங்கே கேட்பார்கள். அரிய காரியம் கைகூடவில்லையே என்பது அவர்களுடைய ஏக்கம். மலையகத்தில் நின்று பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. முடியவே முடியாது என்று பலர் நினைத்த பெரிய காரியங்கள் இங்கே வந்து சேர்ந்துவிட்டன. தன்னால் நடந்துவிடும் என்று எண்ணி எவரும் எழுதிவைக்காமல் விட்ட சின்னக் காரியங்கள்தாம் வந்து சேரவில்லை. இதைச் சொல்லவே இந்தத் தலைமை இருக்கையை ஏற்றுக்கொண்டேன்.

நோர்ட்டன் பிரிட்ஜ் இந்த ஹட்டன் நகரிலிருந்து அதிக தூரமில்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் அந்தப் பக்கமாகத்தான் மலையிறங்கிக் களனி கங்கையில் கலக்கின்றன. காலியில் பிறந்த டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், 1912இலேயே நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூல் என்ற இடத்தில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தவர். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். இந்த இரண்டு ஆற்று நீரையும் கொண்டு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விளக்குகளை எரியவைக்கலாம் என்பது அதில் அவர் போட்ட கணக்கு. சுதேசி ஒருவர் சொன்ன கணக்கை அன்றைய ஆட்சி எளிதில் ஏற்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலையும் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அவர் அரச சேவையை விட்டு விலகி, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் இதற்காகவே வாதாடினார். லக்ஷபான மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கட்டுரைக்கும் நிலையத்துக்கும் இடையில் 32 ஆண்டுகள். 1953இல் காலமான விமலசுரேந்திர, தம் கணக்கு சரிதான் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டே போனார். இந்தத் தீவில் பலித்த எதிர்வுகூறல்களுள் இதற்கு நிகரானது அதிகமில்லை என்பது என் கருத்து. அந்த மனிதரை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது, மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தது, அவருடைய பெயரிலேயே நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு மின் நிலையம் வந்தது. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோவில் வெளியே தெரிவதை இங்கே பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் திறனுள்ள மேல் கொத்மலை நிலையமும் சேர்ந்துகொண்டது. நாட்டுக்கே வெளிச்சம் தரும் தண்ணீர் எங்கள் மலைகளில் பிறக்கிறது.

அந்த வெளிச்சம் எந்த வரிசையில் வந்தது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும். தேசிய மின்சாரம் வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான தோட்டங்களில் சொந்தமாகச் சிறு நீர்மின் எந்திரங்கள் இருந்தன. ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கிச் சில்லைச் சுழற்றுவார்கள். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உருளை ஓடும், துரை பங்களாவில் விளக்கு எரியும். அந்த ஸ்டோருக்குப் பின்னாலேயே தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு, எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஒரு கம்பி இழுக்கப்படவில்லை. பிறகு லக்ஷபான மின்சாரம் மலிவாகக் கிடைத்ததும் பல தோட்டங்கள் அந்தச் சின்ன எந்திரங்களைத் துருப்பிடிக்க விட்டன. உயர் அழுத்தக் கம்பி தேயிலை மலைக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. அதன் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் புகையில் பிள்ளைகள் படித்தார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். மூக்குத் துவாரத்தில் கரி ஒட்டியிருப்பதைக் காலையில் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். ஆற்றை மறித்து மலையைக் குடைந்து மின்சாரம் எடுப்பதற்கு 32 ஆண்டுகள் ஆயின. தூணிலிருந்து லயத்துக் கூரைக்குக் கம்பி வருவதற்குப் பல இடங்களில் அதைவிட அதிக காலம் பிடித்தது. இதில் எந்த வேலைக்கு அதிக அறிவும் அதிக பணமும் தேவைப்பட்டன என்று பொறியியல் படித்த மாணவர்கள் சொல்லட்டும்.

இப்படிச் சொல்லும்போது தொழில்நுட்பம் எப்போதும் முன்னோக்கியே போகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை குறுகிய தண்டவாளத்தில் ரயில் ஓடியது. 1940களில் அதை மூடிவிட்டார்கள். இன்று நுவரெலியாவுக்கு ரயில் இல்லை.

அடுத்து ஆர்தர் சி. கிளார்க். எதிர்காலத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அவர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவிலேயே வாழ்ந்தார். பூமியிலிருந்து வானத்துக்கு மின்தூக்கி கட்டுவதைப் பற்றி 1979இல் அவர் வெளியிட்ட நாவலில் வரும் மலை, மஸ்கெலியா லயங்களிலிருந்து நாம் தினமும் பார்க்கும் சிவனொளிபாத மலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நல்லதண்ணியிலிருந்து அந்த மலைக்குப் படியேறிய கூட்டம் அவருக்குத் தெரியும். அந்தப் படிகளைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்கிறவர்களை அந்த எதிர்காலம் கணக்கில் எடுக்கவில்லை.

1945இலேயே அவர் ஒரு கட்டுரையில் சொன்னார்: பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம். 20 ஆண்டுகளுக்குள் அந்த உயரத்தில் செய்மதிகள் நின்றன. இன்று பொகவந்தலாவைப் பக்கம் எந்த லயத்தை வேண்டுமானாலும் பாருங்கள். தகரக் கூரை பறக்காமலிருக்கக் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே டிஷ் அன்ரெனா வானத்தைப் பார்த்து நிற்கும். சென்னைத் தொடர்நாடகமும் மதுரைத் திருவிழாவும் அந்த 36,000 கிலோமீற்றரைக் கடந்து காம்பிராவுக்குள் இறங்குகின்றன. அந்த வீட்டுப் பெண் மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்துபோக வேண்டிய கழிப்பறை ஐம்பது யார் தூரத்தில் இருக்கிறது, அதையும் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

1964இல் பிபிசி தொலைக்காட்சியில் கிளார்க் பேசியது இதைவிட நமக்கு நெருக்கமானது. 2000ஆம் ஆண்டளவில் மனிதர்கள் எங்கே இருந்தாலும் உடனுக்குடன் பேசிக்கொள்வார்கள், நண்பர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரியாமலே அவரோடு தொடர்புகொள்ள முடியும், வேலைக்காக ஊர்விட்டு ஊர் போகும் தேவையே குறைந்துவிடும் என்றார். அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3,00,000 பேர் இங்கே இருக்கலாம், 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். எங்கிருந்தும் பேசலாம் என்று ஒருவர் கனவு கண்ட அதே ஆண்டில், எங்களில் யார் எங்கே இருப்பது என்பதை எங்களைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில் அரசாங்கம் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அண்ணன் கோத்தகிரியில், தம்பி நோர்வூட்டில். இரண்டு பேரும் தேயிலைக் காட்டில்தான், நடுவில் கடல். கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் கடிதத்தில் வந்து சேரும்போது காரியம் முடிந்து மாதமாகியிருக்கும்.

இன்று அந்த அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கிளார்க் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. அவர் சொன்ன அந்த ஒரு விஷயம், இருக்குமிடம் தெரியாமலே தொடர்புகொள்வது, மற்ற எவரையும்விட லயத்து மக்களுக்கே முழுமையாகப் பொருந்துகிறது. ஏனென்றால் லயத்துக் காம்பிராவுக்கு விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிய இளைஞர்கள் எத்தனை பேர் என்று இந்த மண்டபத்தில் கேட்டால் கைகள் உயரும். 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளை நிறுத்தி வைக்க மனிதனால் முடிந்தது. ஒரு கதவில் இலக்கம் எழுதி அதைத் தபாற்காரனிடம் சொல்வது இன்னும் முடியவில்லை. அதற்குத் தேவையானது ஒரு தூரிகையும் கொஞ்சம் பெயின்ட்டும், அந்தக் காணி யாருடையது என்று முடிவு செய்யும் மனமும்தான். காணி உறுதி கொடுத்தால் விலாசம் தானாக வரும் என்று தெரிந்ததனால்தான் விலாசம் வராமலிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கிளார்க் அந்த பிபிசி நிகழ்ச்சியில் இன்னொன்றும் சொன்னார். சிம்பன்சிகளை மேம்படுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைசியில் அவையும் தொழிற்சங்கம் அமைத்துவிடும் என்று வேடிக்கையாகச் சொன்னார். ஹட்டனில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வராது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை 1931இல் தொடங்கியது இந்த நகரத்தில்தான். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடி மக்களைத் திரட்டியதும் இந்த மலைகளில்தான். கிளார்க் நல்ல மனிதர், இந்தத் தீவை நேசித்தவர். ஆயினும் அவர் காலத்து எதிர்காலச் சிந்தனையில் உழைக்கிறவர் என்பவர் தீர்க்கப்பட வேண்டிய ஒரு பிரச்சினை மட்டுமே. அவரிடம் கருத்துக் கேட்கலாம் என்ற எண்ணமே அதில் இல்லை.

கொழுந்து பறிக்கும் இயந்திரத்துக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டபோது பங்களா விறாந்தையில் மேசை மீது கொழுந்தைக் கையால் உருட்டினார்கள். 1872இல் உருட்டும் இயந்திரம் வந்துவிட்டது. ஸ்டோருக்குள் வேலை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குப் போனது. அடுத்தது மலைதான், கொழுந்தெடுக்க ஆளே வேண்டாம் என்ற பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம். ஜப்பானில் பல இடங்களில் தேயிலையைச் சமவெளியில் வேலிபோல வளர்த்து இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். இங்கே சில தோட்டங்களில் கத்தரியும் கையியந்திரமும் வந்திருக்கின்றன. ஆனால் பெரும்பகுதி மலைகளில் இன்றும் விரல்தான்.

காரணம், இன்றைக்கு வேலைக்குப் பேர் போடாமல் டிக்கோயாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மாருக்குத் தெரியும். மட்டக்குச்சியைச் செடி மேல் வைத்தால் ஒரே மட்டத்தில் பலவகைக் கொழுந்து நிற்கும். ஒன்று இன்றைக்குக் கிள்ள வேண்டியது. ஒன்று அடுத்த சுற்றுக்கு விட வேண்டிய அரும்பு. ஒன்று முற்றியது, எடுத்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கழித்துவிடுவார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று கண் பார்ப்பதற்குள் விரல் முடிவெடுத்துவிடுகிறது. அதுவும் செங்குத்தான சரிவில், அட்டை ஏறும் காலோடு, முதுகில் கூடை கனத்துக்கொண்டே போகையில். இயந்திரத்தின் கத்தி எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டும், அடுத்த வார அரும்பும் அதோடு போய்விடும். சதுரங்கத்தில் உலகச் சாம்பியனைக் கணினி 1997இலேயே வென்றது. கொழுந்தெடுப்பதில் எங்கள் பெண்களை இன்னும் எந்த இயந்திரமும் வெல்லவில்லை. திறமை தேவையில்லாத வேலை என்று 150 ஆண்டுகளாக எழுதிவைத்து, அதற்கேற்பச் சம்பளமும் கொடுத்துவந்த வேலை இதுதான். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் சம்பளம் வர்த்தமானியில் வர 2021வரை போராட வேண்டியிருந்தது.

அந்த 2021இலேயே இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்தார்கள். நாடு முழுவதும் சேதன விவசாயமாகிவிடும் என்றார்கள். சில மாதங்களில் அதை மாற்றிக்கொண்டபோதும், தேயிலை உற்பத்தி அந்த ஆண்டில் இருந்த 300 மில்லியன் கிலோவுக்குக் கிட்டிய அளவிலிருந்து அடுத்த ஆண்டு 252 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. செடியில் கொழுந்தில்லாவிட்டால் சொன்ன கிலோவை எடுக்க முடியாது, அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான் விழும். கொழும்பில் போட்ட கணக்கு பிழைத்ததற்கு மலையில் நின்றவர் சம்பளத்தில் வெட்டு விழுந்தது.

இப்போது மருந்தடிக்கும் ட்ரோன், கொழுந்தின் தரத்தைப் பார்க்கும் செயற்கை நுண்ணறிவு என்று புதிய எதிர்வுகூறல்கள் வருகின்றன. நான் அவற்றுக்கு எதிரானவன் அல்லன். முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து நெஞ்சு கெட்டவர்களை எனக்குத் தெரியும், அந்தச் சுமையை ட்ரோன் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். கட்டுரை வாசிக்கவிருக்கும் ஆய்வாளர்களிடம் நான் கேட்பது, ஒவ்வொரு எதிர்வுகூறலையும் எடுத்துக்கொள்ளும்போது இயந்திரம் வருமா என்ற கேள்வியோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான். வந்தால் முதலில் யார் வாசலுக்கு வரும், கடைசியில் யார் வாசலுக்கு வரும், நடுவில் எத்தனை ஆண்டுகள் போகும் என்பதையும் எழுதுங்கள்.

அதற்கு அடித்தளமான ஒரு வேலையை உடனே தொடங்கலாம். எந்தத் தோட்டத்தில் எந்த லயத்துக்கு எந்த ஆண்டில் மின்சாரம் வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, முதல் தொலைபேசி வந்தது என்ற பட்டியலை நாம் தொகுக்க வேண்டும். லக்ஷபானவின் திறப்பு ஆண்டு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. லயத்தில் முதல் பல்ப் எரிந்த நாள் அங்கே வாழ்ந்த முதியவர்களின் நினைவில் இருக்கிறது, அவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் தம் சொந்தத் தோட்டத்தில் தொடங்கலாம். மதிய இடைவேளையில் பின்வரிசைத் தாய்மாரிடம் முதல் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.