‘ஷெட்யூல்’: ஒரு சொல், பல பொருள்
(வெள்ளி விழாவையொட்டிப் பர்கூரில் ஆற்றிய உரை)

 

இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சில கருத்துக்களை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். ‘ஷெட்யூல்’ என்பதே அச்சொல். அதனை நான் முதன்முதலில் கேட்டது பள்ளி வகுப்பறையில். உதவித்தொகைப் படிவங்கள் வந்திருந்த நாளில், “ஷெட்யூல்டு பையன்களெல்லாம் எழுந்து நில்லுங்கள்” என்றார் ஆசிரியர். நின்றோம். அமர்ந்திருந்தோர் எங்களைத் திரும்பிப் பார்த்தனர். பொருள் தெரியாத ஒரு சொல்லுக்காக அன்று நான் தலைகுனிந்தேன். பொருள் தெரிந்திருந்தால் குனிந்திருக்கமாட்டேன். அதனாலேயே இதனை இன்று பேசுகிறேன்.

இலத்தீன் மொழியில் சிறு தாள் துண்டினைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது இது. ஓர் ஆவணத்துடன் இணைக்கப்படும் சீட்டு என்று தொடங்கி, சட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும் அட்டவணை என்று அதன் பொருள் வளர்ந்தது. பின்னர்க் கால நிரலையும் குறிக்கலாயிற்று. ஒசூர்த் தொழிற்சாலையில் எவர் எந்த ஷிப்டுக்கு வரவேண்டும் என்று ஒட்டப்படும் தாளும் ஷெட்யூல்தான். பேருந்து புறப்படும் நேரமும் ஷெட்யூல்தான்.

கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறுதியில் ‘தபசில்’ என்று எழுதி, சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் குறிப்பார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் அதற்குப் பெயர் ஷெட்யூல். அது பிழையானால் நிலமே கைவிட்டுப் போகக்கூடும். 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்ற வங்கிக்கு ‘ஷெட்யூல்டு வங்கி’ என்று பெயர். அப்பெயரை அவ்வங்கிகள் பெருமையாகவே சொல்லிக்கொள்கின்றன.

நம் அரசியலமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது அதில் எட்டு அட்டவணைகள் இருந்தன. இன்று பன்னிரண்டு உள்ளன. எட்டாம் அட்டவணையில் அன்று 14 மொழிகள், இன்று 22. பர்கூர்க் கடைவீதியில் ஒலிக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் அதில் உள்ளன. அட்டவணையில் இருப்பதனால் தமிழுக்கு இழுக்கு வந்ததென்று எவரேனும் சொல்வாரா? மொழிக்கு மதிப்பாகும் சொல் மனிதருக்கு மட்டும் வசையாவது எங்ஙனம்? குறை சொல்லில் இல்லை; சொல்பவர் உள்ளத்தில் இருக்கிறது.

நம் மக்களுக்கு அச்சொல் வந்த வரலாற்றையும் அறிதல் நன்று. பிறர் இட்ட இழிபெயர்களை விலக்கி ‘ஆதிதிராவிடர்’ என்று வழங்கவேண்டுமென 1922இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்காக வாதாடினர். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்திலும் நமக்கு ‘ஒடுக்கப்பட்ட வகுப்பினர்’ என்றே பெயர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டமே ‘ஷெட்யூல்டு சாதியினர்’ என்ற பெயரைத் தந்தது. 1936இல் பட்டியலும் வெளியாயிற்று. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. 341ஆம் பிரிவின்படி, அப்பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே இயலும். ஆகவே, அச்சொல் நம் பிறப்பைக் குறிக்கும் முத்திரையன்று. நமக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு நாடு எழுதிக்கொடுத்த ஒப்புதல் சீட்டு.

எல்லையோரத்தில் வாழும் நாம் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியானது. பிழைப்புக்காகப் பிற மாநிலம் சென்றவருக்கு அங்கே அத்தகுதி தொடராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசுப் பணிகளைப் பொறுத்து 2018இலும் அதனை உறுதிசெய்தது. ஆதி கர்நாடகர் என்பதுபோல் ஒரே பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் நிலை அதுவே. பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்ற நம் தோழரின் பிள்ளைக்குக் கர்நாடக அரசின் இட ஒதுக்கீடு கிட்டாது. தீண்டாமை எல்லை தாண்டி உடன் வருகிறது; ஒதுக்கீட்டு உரிமையோ அத்திப்பள்ளிச் சாவடியோடு இறங்கிவிடுகிறது! இது நீதியா என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

கேட்டுக்கொண்டே செய்யவேண்டியதும் உண்டு. வெளியூர் செல்லும் பெற்றோர், இங்குள்ள சாதிச் சான்றிதழையும் இருப்பிட ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டிலும் மத்திய அரசுப் பணிகளிலும் பிள்ளைகளுக்கு அவை கைகொடுக்கும். எழுதப் படிக்க அறியாத குடும்பங்களுக்கு அவற்றைப் பெற்றுத் தருவதை இக்கழகம் தன் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளில் ஒன்றாக ஏற்கவேண்டுமென வேண்டுகிறேன்.

மாணவச் செல்வங்களே! நாளை எவரேனும் அச்சொல்லைச் சொல்லி உங்களை எழுந்து நிற்கச் சொன்னால், நிமிர்ந்து நில்லுங்கள். அதன் பொருளைக் கேட்டால், அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.