சிறுநீரகம் கொடுப்பது பெண்களுக்கு மாத்திரம் கடமையா?



நாட்டுப்புறத்தில் குண்டிக்காய் என்கின்றோமே, அந்தச் சிறுநீரகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். ரத்தத்திலுள்ள கழிவையும் மிகுதியான நீரையும் பிரித்து வெளியே தள்ளுவது அதன் வேலை. அது கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நீரிழிவும் ரத்தக் கொதிப்புமேயொழிய, தலையெழுத்தோ பூர்வஜென்ம பாவமோ அல்லவே அல்ல.

அடியோடு கெட்டவன் பாடு என்ன? வாரத்திற்கு 2, 3 தடவை, தடவைக்குச் சுமார் 4 மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். தாகத்திற்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். கூலிக்காரன் வாரத்தில் 3 நாள் கூலியை இழந்தால் அவன் குடும்பம் என்னவாகும்? ஆகவேதான் மாற்றுச் சிறுநீரகம் வேண்டியிருக்கின்றது.

சரி, அதை யார் கொடுக்கின்றார்கள்? நமது நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்ளுகின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மகனுக்குத் தாய் கொடுக்கின்றாள்; புருஷனுக்குப் பெண்சாதி கொடுக்கின்றாள். பெண்சாதிக்கு வந்தால் மாத்திரம், "அவன் சம்பாதிக்கின்றவன், அவன் உடம்பில் கத்தி வைக்கலாமா?" என்கின்றார்கள். அடுப்படியிலும் வயலிலும் பாடுபடுகின்றவள் சம்பாதிக்கவில்லையா? அன்பினால் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. அந்த அன்பு ஒரு பக்கத்துக்கு மாத்திரம் ஏன் என்றுதான் கேட்கின்றோம்.

1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் முர்ரே கோஷ்டியார் ரொனால்டு ஹெரிக் என்பவருடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து, அவரோடு இரட்டையாய்ப் பிறந்த ரிச்சர்டுக்கு வைத்தார்கள். பெற்றவர் 8 வருஷம் வாழ்ந்தார். கொடுத்தவரோ மிச்சமிருந்த ஒன்றோடு 56 வருஷம் வாழ்ந்து 2010-ல் காலமானார். அவரும் ஆண்பிள்ளைதானே! வைத்தியர்கள் பரிசோதித்துத் தக்கவர் என்று கண்டால், ஆணுக்கு மாத்திரம் என்ன பயம்?

உயிரோடிருப்பவரை அறுக்காத வழியும் உண்டு. மூளை அடியோடு செத்து, இயந்திரத்தால் மாத்திரம் மூச்சு ஓடுகின்ற ஒருவரின் 2 சிறுநீரகங்கள் 2 பேரை வாழவைக்கும். உறுப்பு விற்பதைக் குற்றமாக்கிய 1994-ம் வருஷத்துச் சட்டம் இதை அனுமதிக்கின்றது. ஆனால், "அங்கம் குறைந்தால் மோட்சமில்லை" என்கின்றார்கள். முழு உடம்பையும் நெருப்பில் போடுகின்றீர்களே, அந்தச் சாம்பலில் எந்த அங்கம் மிச்சம்?

ஆகவே, தோழர்களே! சம்மதம் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டாரேயாதலால், "எனக்கு மூளைச்சாவு நேர்ந்தால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்" என்று இன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள். அதையும் ஆண்பிள்ளைகளே முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு முடிக்கின்றோம்.