பெயரில் ஏறிய பழி
(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



சொல்லின் வேரைத் தோண்டுவோர்க்குச் சிற்சில வேளை ஓர் இனத்தின் கண்ணீரே கிட்டுவதுண்டு. ஐரோப்பாவில் வாழும் உரோமர் என்னும் மக்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயர் அவர்களைச் 'சிப்சி' என்றனர். எகிப்து நாட்டினின்று வந்தோர் என்று பிழைபடக் கருதி இட்ட பெயர் அது. எகிப்து அவர்தம் தாயகமன்று. நீரைப் 'பானி' என்றும் மூக்கை 'நாக்' என்றும் வழங்கும் அவர்தம் மொழி வடஇந்திய மொழிகளுக்கு உறவு என்பதை 1782-ஆம் ஆண்டிலேயே உரூடிகர் என்னும் செருமானிய அறிஞர் எடுத்துக்காட்டினார்.

உண்மை வெளிப்பட்டபின் பிழைப்பெயர் ஒழிந்ததா? இல்லை. 'ஏமாற்று' எனப் பொருள்படும் 'சிப்' என்னும் ஆங்கில வினை அப்பெயரின் சிதைவே என்பர் சொல்லறிஞர் பலர். செருமானியரோ தாம் வழங்கிய 'சிகாய்னர்' என்னும் பெயரைத் தம் மொழிச் சொற்களாகவே பிரித்து, 'அலைந்து திரியும் கயவர்' எனப் பொருள் புணர்த்தினர். வேரறியாதார் பிரித்த பிரிப்பு! ஆயினும் அதுவே மக்கள் உள்ளத்தில் ஊன்றிற்று.

பெயரில் ஏறிய பழி பெயரோடு நிற்பதில்லை. கடைக்காரனின் கண்ணில் ஐயமாகிறது. குடிக்கூலிக்கு வீடு கேட்குமிடத்துக் கதவடைப்பாகிறது. முறைமன்றத்தின் நாவிலும் ஏறிவிடுகிறது. இட்லரின் ஆட்சியில் உரோமர் நூறாயிரக் கணக்கில் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் இழப்பீடு கோரியபோது மேற்குச் செருமனியின் உயர்முறைமன்றம் 1956-ஆம் ஆண்டில் கூறியது என்ன? 1943-க்கு முன்னர் அவர்கள்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் இனப்பகையால் எழுந்தவையல்ல, அவர்தம் குற்ற இயல்பு கருதி எழுந்தவை என்றது! அஃது இனப்படுகொலையே என அந்நாட்டரசு ஒப்புக்கொள்ள 1982 வரை ஆயிற்று.

அது பழங்கதை என்பார் உளரேல், செக்கு நாட்டு ஒசுத்திராவா நகரைப் பார்க்கட்டும். 1990-களின் பிற்பகுதியில் அந்நகரின் உரோமப் பிள்ளைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் அறிவுவளர்ச்சி குன்றியோர்க்கான தனிப்பள்ளிகளில் இருந்தனர். பிற பிள்ளைகளினும் அவர்கள் அங்குச் சேர்க்கப்படும் வாய்ப்பு 27 மடங்கு. இதற்குச் சினமோ ஏச்சோ தேவைப்படவில்லை. உரோமரின் வாழ்வையும் மொழியையும் கருதாத ஒரு திறத்தேர்வு. பெற்றோரிடம் ஒரு கையொப்பம். அவ்வளவே! பிள்ளைகள் பதினெண்மர் சார்பில் வழக்கு எழுந்தது. ஐரோப்பிய மாந்தவுரிமை முறைமன்றம் 2006-இல் அதைத் தள்ளிற்று. 2007 நவம்பர் 13 அன்று அதன் பேரமர்வு, பதின்மூவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, பிள்ளைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருட் பலர் பள்ளிப் பருவத்தையே கடந்துவிட்டனர்.

இவற்றைக் கேட்டு ஐரோப்பியரைப் பழித்துவிட்டு எழுந்துபோதல் எளிது. ஆனால் அதே 'சிப்சி' என்னும் பெயரை ஆங்கிலேயர் இங்குள்ள அலைகுடிகள் மீதும் ஒட்டினர். பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் குலங்களைப் பட்டியலிட்ட அவர்தம் 1871-ஆம் ஆண்டுச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. குறவர் அதில் அகப்பட்டனர். 1952-க்குள் அச்சட்டம் நாடெங்கும் நீங்கிற்று. சொல் நீங்கிற்றா?

குறிஞ்சி நிலத்து மக்களெனக் கழக இலக்கியம் பாடும் குறவரின் பெயரைத் தெருச்சண்டையில் வசையாக வீசுபவன் தமிழன். வடசொல் கலவாத தூய தமிழ்ச்சொல்தான் அது! அயற்சொல் ஒன்று நாவில் வந்துவிட்டால் துடிப்போர், இச்சொல் வசையாய் விழும்போது செவி கேளாதார் போல் இருப்பதேன்? திருவிழா மேடைகளில் அப்பெயரால் நடந்த கொச்சை ஆட்டம் தங்களை இழிவுபடுத்துவதாகக் குறவர் முறையிட்டனர். 'குறவன் குறத்தி ஆட்டம்' என்பதற்குத் தமிழ்நாட்டரசு தடைவிதித்தது 2023-ஆம் ஆண்டில். அதுவரை அம்மேடைகளின் முன்னமர்ந்து நகைத்தவர் எவரும் அயலாரல்லர்.