ஊர்வசியும் ஐங்குறுநூறும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திரைப்பாடலுக்கு நம் வட்டத்தில் இடமில்லை என்று பலமுறை வாதிட்டவன் நான். அந்த வாதத்தின் ஒரு பகுதியை இந்த மேடையில் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன். அதற்கு ஒரு திரைப்பாடலே காரணம்.

1994-இல் ஷங்கர் இயக்கத்தில் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'ஊர்வசி' பாடல் அது. எழுதியவர் வைரமுத்து. இசையமைத்த ஏ.ஆர்.ரகுமானுடன் சுரேஷ் பீட்டர்ஸும் சாகுல் ஹமீதும் சேர்ந்து பாடினார்கள். பிரபுதேவாவின் ஆட்டத்தோடு நாடெங்கும் பரவியது.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே 1960-களில் ஜேம்ஸ் பிரவுன் முதலானோர் வளர்த்தெடுத்த இசைவகைக்கு 'ஃபங்க்' என்று பெயர். மெட்டு விரிந்து செல்வதைவிடத் தாளம் சுழன்று வருவதே அதில் முதன்மை. தாள வட்டத்தின் முதல் எண்ணிக்கையில் அழுத்தம் விழும். பேஸ் கிதார் ஒரே கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் பாடகர் சொற்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஊர்வசியின் நடை இதற்கு நெருங்கிய உறவு.

பாட்டின் கட்டமைப்பும் அப்படியே. வரிதோறும் ஒரு சிறு ஏமாற்றம். வரியின் முடிவில், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்னும் பொருளில் ஒரே ஆங்கிலத் தொடர். தொலைக்காட்சியில் 'ஒலியும் ஒளியும்' ஓடும் நேரத்தில் மின்சாரம் போவதும், ஒழுங்காகப் படித்தும் தேர்வில் தோற்பதும் அந்த ஏமாற்றங்களில் சில. வெள்ளிக்கிழமை மாலைக்காகத் தமிழகமே காத்திருந்த காலம் மறைந்துவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அவ்வரியை விளக்கித்தான் சொல்லவேண்டும்.

வரிக்கு வயதாயிற்று, பாட்டுக்கு ஆகவில்லை. 2014-இல் அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.ஆம் இம்மெட்டைக் கையாண்டு 'இட்ஸ் மை பர்த்டே' என்ற பாடலை வெளியிட்டார். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. 2016-இல் ரகுமானே தம் ரசிகர்களிடம் புதுவரிகள் எழுதி அனுப்பச் சொன்னார். செல்லாமற்போன 500, 1000 ரூபாய்த் தாள்களும் அமெரிக்கத் தேர்தலும் பாட்டுக்குள் வந்து அமர்ந்தன.

இதை இழிவென்று சொல்ல என் நா எழுந்தபோது, ஐங்குறுநூறு நினைவுக்கு வந்து தடுத்தது. கபிலரின் 'அன்னாய் வாழிப்பத்து' என்ன செய்கிறது? ஒரே விளி பத்துப் பாட்டிலும் திரும்ப வருகிறது. அதையடுத்து வரும் செய்தி மட்டும் மாறிக்கொண்டே போகிறது. நிலைத்த ஒரு தொடரும், அதன் பக்கத்தில் புதுச்சொல்லுக்கென விட்டுவைத்த இடமும் நம் மரபுக்குப் புதியவை அல்ல. கபிலரின் பாட்டும் ஊர்வசியும் ஒரே தரம் என்று நான் கூறவில்லை. இரண்டும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன என்கிறேன்.

நம் பெரும்பாக்கத்தில் 2022-இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் அடுக்குமாடி வீடுகளும் இதே ஊரில்தான் உள்ளன. அங்கிருந்து ஓர் இளைஞர் சில ஆண்டுகளுக்கு முன் நம் கூட்டத்துக்கு வந்தார். மேசையில் தாளம் தட்டி, தம் வீடு இடிபட்ட நாளைக் கானாவாகப் பாடினார். பல்லவி பழையது, வரிகள் அவருடையவை. "இது கவிதையில் சேராது, தம்பி" என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் அவர் வரவில்லை.

அன்று பழைய பல்லவிதான் என் காதில் விழுந்தது. அதன் பக்கத்தில் அவர் வைத்த சொற்களை நான் கேட்கவில்லை. பிழை என்னுடையது.

பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்துக்கு அவரை நேரில் சென்று அழைக்க எண்ணியிருக்கிறேன். உங்களில் ஒருவர் உடன் வந்தால் மகிழ்வேன்.